வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு சோலார் பனலுடன்

கொழும்புக்குள்ளேயே பதினொரு கிலோமீட்டர் போய்விட்டு வந்து, அதற்கும் பயணக் கட்டுரை எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். இந்தக் காலத்தில் ஒரு பெரிய சாமானோடு காலி வீதியில் இறங்கிப் பாருங்கள், தெரியும். போன சனிக்கிழமை ஒரு சோலார் பனல், ஒரு கார் பற்றரி, ஒரு இன்வேர்ட்டர் மூன்றையும் வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்படி ஏதாவது கொண்டுபோக இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பதினைந்து நிமிடம் மருந்தை இழுக்க வேண்டும். அது கரண்டில் ஓடுகிற மெஷின். இப்போதெல்லாம் வானத்தில் ஏதும் விமானச் சத்தம் என்றால், குண்டு விழுமோ என்று நகரம் முழுவதற்கும் கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். போன மாதம் அப்படி நிறுத்திய நேரம் பார்த்து அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஐம்பது நிமிடம். அத்தான் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே இருந்தாராம். கரண்ட் வந்தபோது அவளுடைய உதடு நீலமாகியிருந்தது. அவர் போனில் இதைச் சொல்லி முடித்ததும் நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

சேவியர் அத்தான் வரிக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் லைன் போகாத கிராமங்களில் சோலார் பூட்ட அரசாங்கம் மானியம் கொடுக்கிறதல்லவா, அந்தக் கதை வந்தாலே அவருக்கு ஏறிவிடும். “ஒருத்தன்ர கூரையில பூட்டுறதுக்கு ஊர் முழுக்க ஏன் வரி கட்டோணும், மச்சாள்? பாண் வாங்கிற ஏழையும் வரி கட்டுறான். அந்தக் காசை ஆஸ்பத்திரிக்குக் குடுக்கட்டும்” என்பார். “அப்ப கம்பம் நட்டு லைன் இழுக்கிறது ஆரின்ர காசு?” என்று நான் பாய்வேன். வரிப்பணத்தில் பெரும்பங்கு எங்கே போகிறது என்பதைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்க மாட்டோம். ஜன்னல் திறந்திருக்கும், வெளியில் யாருக்குக் கேட்குமோ.

என்னிடம் கணக்கு படிக்கிற பிள்ளையின் தகப்பன் தேங்காய் லொறி வைத்திருக்கிறார். குளியாப்பிட்டிப் பக்கம் சந்திரா என்ற பெண்ணின் வீட்டை அவர்தான் காட்டினார். அவளுடைய ஊருக்குப் போன வருடம் லைன் வந்துவிட்டதால், மானியத்தில் கிடைத்த பனல் சும்மா கிடந்தது. அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் எட்டாயிரம் ரூபாய் போதும் என்றாள். பனலுக்குக் காசு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிசியா என்று நினைத்துக்கொண்டு அதே லொறியில் சாமானோடு வந்தேன். (பற்றரியைக் கரண்டிலேயே சார்ஜ் பண்ணலாமே என்று கேட்பீர்கள். பண்ணலாம். கரண்ட் அடுத்தடுத்துப் போனால் என்ன செய்வது?)

பனலின் முதுகில் சிங்களத்தில் பெரிய ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில். சிங்களத்தில் மீன் விலை பேசுவேன், சண்டையும் பிடிப்பேன். வாசிக்க மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது. என்னைப் போல எங்கள் தெருவில் பாதிப் பேர். கொம்பனிக்காரன் ஒட்டிய உத்தரவாதச் சீட்டாக்கும் என்று நினைத்து, கிழியாமல் இருக்க அதன்மேல் டேப் வேறு ஒட்டினேன். புத்தி!

காலை 8.40க்கு பஸ் ஹோல்ட்டில் நின்றேன். 155ஆம் இலக்க பஸ் நேரே கொட்டாஞ்சேனை போகும். ஆனால் பெட்ஷீற் சுற்றி, கொடிக்கயிற்றால் கட்டிய என் மூட்டையைக் கண்டதும் கொண்டக்டர் ஏற்றாமலே மணியடித்துவிட்டான். வேறு வழியில்லாமல் ஓட்டோ பிடித்தேன். சாரதி பாரூக் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்), கொம்பனித்தெருக்காரர், என்னை முன்பே தெரிந்தவர். நானூற்றைம்பது ரூபாய் பேசினோம்.

“என்ன டீச்சர் இது, கதவா?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப ஏன் பொத்தி வச்சீக்கிறீங்க? பொத்தி வச்சாத்தான் கேப்பானுகள். தொறந்து வைங்க.”

“கீறுப்படும் நானா.”

“சரி, ஒங்கட இஷ்டம்” என்று ஓட்டத் தொடங்கினார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பம்பலப்பிட்டியில் திரும்பி, தும்முல்லை, டவுன் ஹோல் எல்லாம் பிரச்சினையில்லாமல் தாண்டினோம். ஒரு இடத்தில் அடையாள அட்டையை மட்டும் பார்த்தார்கள். மருதானை தாண்டி, ஆமர் வீதிக்குக் கிட்ட 9.25க்குச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். முப்பது வயது இருக்கும், ஒரு பொலிஸ்காரர். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பனல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஸ்டிக்கரைச் சத்தமாக வாசித்தார்: மக்களின் வரிப்பணத்தில் பூட்டப்பட்டது, விற்கக் கூடாது.



“பெரிதாக எழுதியிருக்கிறதே, வாசிக்கவில்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“வாசிக்கத் தெரியாது மாத்தயா.”

“இவ்வளவு நன்றாகக் கதைக்கிறீர்களே?”

“கதைக்க மட்டும்தான் தெரியும்!” எனக்குக் கோபம் வந்தால் சிங்களம் இன்னும் நன்றாக வரும். அது அங்கே உதவவில்லை. அரசாங்கச் சாமான், பில் இல்லை, பக்கத்தில் குண்டோ என்று பயப்பட வைக்கிற பற்றரி. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். அரை மணித்தியாலம் வெயிலில் மண்மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை, சாமானைப் பறித்துவிட்டால் அடுத்த தரம் கரண்ட் போகும்போது அவள் என்ன செய்வாள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நானாவைப் போகச் சொன்னேன். “நான் போனா இத யாரு கொண்டுபோற? இரிங்க” என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவரைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

பிறகுதான் சந்திராவின் போன் நம்பர் ஞாபகம் வந்தது. எடுத்துப் பேசிவிட்டுப் பொலிஸ்காரரிடம் கொடுத்தேன். அவள் பேசியது எனக்கும் கேட்டது, அவ்வளவு சத்தம்.

“விற்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதனால் நான் விற்கவில்லை, கொடுத்தேன். அந்த அம்மாவின் அக்காவுக்கு மூச்சு எடுக்க முடியாதாம். அதையும் உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் எழுதினாரோ தெரியாது. அக்கா வீட்டு விலாசத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அட்டையைத் தரும்போது, “அக்காவுக்கு எத்தனை வயது?” என்று கேட்டார். ஐம்பத்தாறு என்றேன். தலையாட்டிவிட்டு, பனலைத் தூக்கி வைக்க ஒரு கை பிடித்தார். “மூடாமல் கொண்டுபோங்கள்” என்றார். நானா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்குள் 10.35க்கு இறங்கினோம். காத்திருந்ததற்கும் சேர்த்து நானாவுக்கு அறுநூறு கொடுத்தேன், ஐம்பதைத் திருப்பித் தந்துவிட்டார்.

அத்தான் அரசாங்க வேலைக்காகச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை இரண்டு தரம் வாசித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “அப்ப இது எங்கட சாமான் இல்ல, மச்சாள். இவவுக்குத் தேவையில்லாத காலத்தில இன்னொரு ஆளுக்குக் குடுக்கோணும்” என்றார்.

“நான் செத்தாப் பிறகு எண்டு நேரா சொல்லுங்கோவன்” என்றாள் அக்கா.

“விசர்க்கதை கதையாத” என்றார். குரல் உடைந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் கூரையில் ஏறிப் பூட்டித் தந்தார். பன்னிரண்டரைக்கு மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு மெஷினைப் போட்டோம். அது கிர்ரென்று ஓடத் தொடங்கியது. அக்கா மாஸ்க்குக்குள்ளே சிரித்தாள். பதினைந்து நிமிடமும் அத்தான் அவளுடைய கையை விடவில்லை. என் முன்னால் அவர் அவளுடைய கையைப் பிடித்து நான் கண்டதே இல்லை.

மத்தியானச் சோற்றோடு எங்கள் பழைய சண்டையும் வந்தது. “லைன் வரப்போற ஊருக்குப் பனல் குடுத்தது பிழைதான், இப்பவும் சொல்லுவன்” என்றார். அது சரி என்று ஒத்துக்கொண்டேன். “ஆனா குடுத்தது பிழையில்ல. குடுத்துப்போட்டுத் திரும்பிப் பாராததுதான் பிழை” என்றும் அவரே சொன்னார். என் நினைப்பும் இப்போது அதுதான். வரிப்பணத்தில் வெயிலைப் பிடித்துக் கொடுக்கட்டும். தேவை முடிந்த கூரையிலிருந்து தேவையான கூரைக்கு அதைக் கொண்டுபோகவும் யாராவது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு சந்திரா கிடைக்கமாட்டாள். கை கழுவிவிட்டு அத்தான் ஒரு துண்டில் ஸ்டிக்கரிலிருந்த வசனத்தைத் தமிழில் எழுதி, ஸ்டிக்கருக்குக் கீழே ஒட்டச் சொல்லி எலக்ட்ரீசியனை மறுபடி கூரையில் ஏற்றினார்.

போகிறவர்கள் கவனிக்க: சாமானை மூட வேண்டாம். சிங்களத்தில் என்ன எழுதியிருந்தாலும், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். பில் இல்லையென்றால் தந்தவரின் கடிதமும் போன் நம்பரும் வேண்டும். அடையாள அட்டை, பொலிஸில் குடியிருப்பைப் பதிந்த துண்டு இரண்டையும் கையில் வைத்திருங்கள். சனிக்கிழமை காலை நல்லது. சாதாரணமாக முக்கால் மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

முந்தாநாள் இரவு மறுபடி கரண்டை நிறுத்தினார்கள். விடிந்ததும் ஆறரைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தேன். இப்படியான இரவுக்கு மறுநாள் போனைத் தூக்குவது எப்போதும் அத்தான்தான். விடியும்வரை கதிரையில் இருந்து அக்காவின் மூச்சைப் பார்த்துவிட்டு, கட்டிப்போன தொண்டையோடு பேசுவார். அன்றைக்கு அக்கா எடுத்தாள். இழுப்பு வந்ததாம், மெஷின் ஓடியதாம், இழுப்பு நின்றுவிட்டதாம்.

“அத்தான் எங்கை?” என்று கேட்டேன்.

“மெல்லக் கதையடி” என்றாள். “மனிசன் இன்னும் நித்திரை.”