மாடியில் கேட்ட சத்தம்

அது 2007 கோடை. சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டி நாங்கள் குடிபோன சமயம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். தாம்பரத்தில் ஒரு டீச்சரிடம் பரதம் கற்றுக்கொண்டிருந்தாள். ஆவணியில் அரங்கேற்றம் என்று முடிவாகியிருந்ததால் லீவு முழுக்க மாடி அறையில் பயிற்சிதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் சலங்கை ஒலி நின்றது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், காய்ந்த குச்சியை யாரோ ஒடித்தாற்போல. மேலே ஓடிப் பார்த்தேன். மகள் அறை நடுவில் நின்று சிரித்தாள்.

"என்னம்மா சத்தம்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா."

பேய், பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எங்களை விடவில்லை. ஒரு நாள் சமையலறையில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் அலறித் திரும்பினால், ஃப்ரிட்ஜ் அடித்தட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மகள் எழுந்து நிற்கிறாள். வேறு யாரும் இல்லை. இன்னொரு நாள் படிக்கட்டில் கேட்டது.

எதிர் வீட்டு அக்கா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும், "ஏரித் தண்ணி நின்ன எடம் சார் இது. எதுனா கீது. பூசணிக்கா சுத்தி ஒடச்சிடுங்க" என்றார். அமாவாசையன்று உடைத்தோம். அடுத்த நாள் மகள் கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் மாமா வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பும் வரை வீடு நிசப்தம். பூசணிக்காய் வேலை செய்துவிட்டது என்று மனைவிக்கு ஒரே பெருமை. மகள் வந்தாள். அன்று சாயங்காலமே மாடியில் 'டக்'. அப்போதும் எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

அந்த வாரம் தாம்பரத்தில் ஒரு பள்ளியில், வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்கும் நடனம் கற்கும் பிள்ளைகளுக்கும் முழங்காலை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முகாம் நடந்தது. டீச்சர் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட லேப் ஒன்றில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கும்மிருட்டு. ஸ்கேன் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மகள் முகத்தில் விழுந்தது.

டாக்டரம்மா அவள் வலது முட்டியில் ஜெல் தடவி, கருவியை வைத்து, காலை மடக்கி நீட்டச் சொன்னார்.

'டக்.'

எங்கள் வீட்டுச் சத்தம். அதே சத்தம்! என் கைமயிர் குத்திட்டு நின்றது. திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த எலும்பின் மேல் ஏதோ ஒன்று ஏறி, துள்ளி, மறுபக்கம் விழுந்தது. என் பெண்ணுக்குள்ளே வேறு ஏதோ உயிர் குடியிருக்கிறது என்றுதான் ஒரு கணம் நினைத்தேன்.

டாக்டரம்மா அந்த இடத்தில் விரலால் அழுத்தினார். "வலிக்குதாம்மா?"

"இல்ல மேடம்." மகள் சிரித்தாள். மேடையில் சிரிப்பாளே, அதே சிரிப்பு. இன்னும் அழுத்தினார். சிரிப்பு அப்படியே இருந்தது. இமைகூட அசையவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"சார், மூஞ்சியப் பாக்காதீங்க. கால் விரலப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

பார்த்தேன். விரல்கள் எல்லாம் உள்ளே சுருண்டு, ரத்தம் செத்து வெளுத்துக் கிடந்தன. என்ன வலித்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்பதுதான் வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். காலுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சத்தம் மட்டும்னா பயப்பட வேணாம் சார். இது வலியோட வர்ற சத்தம். முட்டிக்குப் பக்கத்துல இருக்கிற தசைநார் தடிச்சுப்போய் எலும்பு மேல உரசுது. நடுவுல நைஞ்சும் இருக்கு. இப்படியே ஆடினா அறுந்துடும்" என்றார். அரங்கேற்றம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் அவள் முகம் உடைந்தது. "அது என் கால்ல வர்ற சத்தம்னு எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா. நீங்க பேய்னு நெனச்சதும் அப்படியே விட்டுட்டேன். சொன்னா ஆட விடமாட்டீங்கல்ல?" என்று தேம்பினாள். ஏரி மேல் பழியைப் போட்டு நாங்கள் பூசணிக்காய் சுற்றியபோது, அவளும் கைகூப்பிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

முட்டி குணமாகி அரங்கேற்றமும் நல்லபடியாக நடந்தது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேன்ப்பா" என்று அழகாகச் சிரிப்பாள். என் கண் மட்டும் அந்தச் சிரிப்பை நம்பாமல், செருப்பைக் கழற்றிய அவள் கால் விரல்களுக்குப் போய்விடுகிறது.