பனி மூடிய மலைப் பாதையில் நான் குதித்த குதி

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்துக் கார் ஓட்டினோமே, அப்போது நடந்தது. ஒரு மார்கழிக் காலையில் என் மைத்துனனின் காரில் தருமபுரியிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அங்கே புல் சரிவில் பாக்குப் பாளையில் உட்கார்ந்து சறுக்க வேண்டுமென்று என் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே அடம்.

மலையில் பாதி ஏறியதும் கார் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மைத்துனன் இறங்கி, பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறப் போனான். ஒரு பக்கம் பள்ளம், எங்கும் பனி. முன் ஸீட்டிலிருந்து பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்தேன். கார் மெல்லப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது.

"பிரேக் போச்சு, குதிங்க" என்று கத்திக்கொண்டே குதித்தேன். விழுந்தது முள் புதரில்.

எழுந்து பார்த்தால் கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நகர்ந்தது பனிதான். காற்றில் அது மேட்டைப் பார்த்து ஓட, கார் பின்னால் இறங்குவதாக எனக்குத் தெரிந்திருக்கிறது.

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுத்தான் மாமா குந்தியிருக்கேன்" என்றான் மைத்துனன்.

பிள்ளைகளை அணைத்தபடி உள்ளே இருந்த என் மனைவி, "நாங்க மூணு பேரும் உள்ளார இருக்கறது ஞாபகம் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"குதிங்கன்னு சொன்னேனே."

"அது எங்க காதுல வுழறப்ப நீங்க முள்ளுல கெடந்தீங்க."

பிள்ளைகள் அன்று ஆசை தீரச் சறுக்கினார்கள். நான் முள் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் பனியில் கார் நின்றால், கார் நகர்கிறதா என்று பாதையோரக் கல் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன மகளையும் மடியில் வாங்கிக்கொள்கிறேன். பயம் என்னவோ வரத்தான் செய்கிறது. அவளை விட்டுவிட்டுக் குதிக்கத்தான் முடிவதில்லை.