என் பெயரில் ஆடியவன்

நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில், நம் ஊர்க் கடைகளில் சாமி படம் மாட்டியிருக்கும் இடத்தில், ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரின் பனியன் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மிச்சிகனில் இந்தச் சிறிய ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து டார்னெலிடம்தான் தலையைக் கொடுத்துவருகிறேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கத்தரியைக் கையில் எடுத்ததும் அந்த ஆட்டக்காரரின் சாதனைகளைச் சொல்லத் தொடங்கிவிடுவார். எத்தனை ஆண்டுகள் ஆடினார், எத்தனை கோப்பைகள் வாங்கினார், எந்த இறுதி ஆட்டத்தில் கணுக்கால் வீங்கிய பிறகும் வெளியே போக மறுத்தார், கடைசி நொடியில் எந்த மூலையிலிருந்து பந்தை எறிந்தார் என்று நூற்றெட்டுப் போற்றி சொல்வதுபோல வரிசை மாறாமல் வரும். எங்காவது தவறினால், காத்திருப்பவர்களில் யாராவது திருத்துவார்கள். எனக்கு வியப்பு அந்தப் பக்தியில் இல்லை. நடிகரின் படத்துக்குப் பால் ஊற்றிய ஊரிலிருந்து வந்தவன் நான். ஒருவன் போட்ட ஒவ்வொரு கூடையும் இத்தனை காலம் கழித்தும் அவன் பெயரிலேயே இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் கல்லூரி நாட்களில் பெரிய ஆட்டக்காரன் என்று என் மகள் எப்போதோ அவரிடம் சொல்லிவிட்டாள். அதனால் என்னை அவர் ‘சாம்பியன்’ என்றுதான் கூப்பிடுகிறார். ஒருநாள் மனம் பொறுக்காமல், "நான் ஆடவில்லை டார்னெல். என் பெயரில் வேறொருவன் ஆடினான்" என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் கத்தரியைத் தாழ்த்தி, கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "புரிகிறது. களத்தில் இறங்கிவிட்டால் நாம் நாமாக இருப்பதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்." காத்திருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றிலிருந்து கடையில் என் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

அங்கே சொல்லிப் புரியவைக்க முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் பி.எஸ்சி. கணிதம் படித்த மாதேசன் என்ற மாணவன், கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் சிறந்த ஆட்டக்காரனாகத் தேர்வு செய்யப்பட்டான். பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தான். வெளி மாநிலங்களுக்குப் போய் ஆடிவந்தான். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அவன் பெயர் வந்தது. அந்த மாதேசன் நான்தான். ஆனால் ஒரு போட்டியில்கூட நான் களத்தில் கால் வைத்ததில்லை. ஆடியவன் சூசை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பும் தக்காளியும் போட நிலம் இருந்தது. சூசையின் அப்பாவும் அம்மாவும் அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண் தரையில் எப்போதோ இருந்த பாதிரியார் ஒருவர் இரண்டு இரும்பு வளையங்களை நட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வயதுப் பையன்கள் எல்லாரும் அங்கே ஆடினோம் என்று சொல்வது மரியாதைக்கு. சூசை ஆடினான், நாங்கள் அவனைச் சுற்றி ஓடினோம். பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அவன் இடுப்பு ஒரு பக்கம் போகும், பந்து மறுபக்கம் போகும். குதித்தால், இறங்க மறந்தவன்போல ஒரு கணம் மேலேயே இருப்பான். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. சந்தையில் மூட்டை இறக்கப் போய்விட்டான்.

கல்லூரியில் எங்கள் அணி எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்தது. உடற்கல்வி இயக்குநரை பி.டி. சார் என்போம். மாதா கோயில் திருவிழாவில் நடந்த ஆட்டத்துக்கு ஒருமுறை அவரை அழைத்துப் போயிருந்தேன். சூசை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "அவன் படிக்கிறானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீ படிக்கிற இல்ல?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. போட்டிக்கு அனுப்பும் தகுதிப் படிவத்தில் என் பெயர், அவன் புகைப்படம். நான் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. கணினி மேல்படிப்பு அப்போதுதான் வந்திருந்தது. என் மதிப்பெண்ணுக்கு அது கிடைக்காது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும். சான்றிதழில் புகைப்படம் கிடையாது, பெயர் மட்டும்தான். சூசைக்கு பி.டி. சார் வேறொன்றைக் காட்டினார். பெங்களூரிலும் சென்னையிலும் சில அரசு இலாகாக்கள் அணி வைத்திருந்தன. ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்து, ஆடுவதற்கே சம்பளம் கொடுப்பார்கள். நம் நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் அப்போது அதுதான். "பெரிய ஆளு யாரு கண்ணுலயாச்சும் பட்டுட்டீன்னா போதும்டா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். சூசை அதை நம்பினான்.

போட்டிகளுக்கு நானும் போவேன், தண்ணீர் தூக்கும் ஆளாக. அவன் மாதேசன் என்பதால் என்னைச் சூசை ஆக்கிவிட்டார்கள். அதில் அவனுக்கு அளவில்லாத சந்தோஷம்.

"டே சூசை, தண்ணி எடுத்தாடா!" என்று களத்திலிருந்தே கத்துவான். ஓடுவேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா சூசை, வெந்நியாட்டம் இருக்குது? உங்க வூட்டுல ஒனக்கு ஒரு வேலையும் பழக்கி வுடலையா?" என்பான். அணியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு அவன் எழும்பிப் பந்தைப் போடுவான். "மாதேசு! மாதேசு!" என்று கூட்டம் கத்தும். என் பெயரை அவ்வளவு பேர் அவ்வளவு ஆசையாகச் சொல்லி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. திரும்பும்போது, தர்மபுரியில் பாலக்கோடு பேருந்தில் ஏறியதும் அவன் குரல் மாறிவிடும். "பையக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்பான். ஊரில் இறங்கியதும் என் பின்னால் நடப்பான். எங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொள்வான்.

இரண்டாம் ஆண்டில், சேலத்தில் ஆடிய ஆட்டத்துக்கு மறுவாரம், பெங்களூரில் ஓர் இலாகா அணியின் பயிற்சியாளர் கல்லூரிக்கே வந்துவிட்டார். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். மாதேசனைக் கொடுங்கள், படிப்பு முடியும்வரைகூடக் காத்திருக்கிறேன் என்றார். நான் அதே அறையில், பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் என்னை வெளியே கூட்டிவந்தார்.

"நெசத்தச் சொன்னா சூசைக்கு வேலை கெடைக்கலாம், கெடைக்காமயும் போலாம். ஆனா எனக்கு வேலை போயிடும். ஒனக்கு சீட்டு போயிடும். என்னடா சொல்ற?"

"மாதேசன் மேல படிக்கப் போறான்னு சொல்லிடுங்க சார்" என்றேன்.

யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. பி.டி. சார் உள்ளே போய் அதைச் சொன்னதும் பெங்களூர்க்காரர் முகம் வாடிப் போனார். சூசையிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு, ஓர் ஆட்டத்தில் சூசை குதித்து இறங்கும்போது எதிரணிப் பையனின் பாதத்தின்மேல் இறங்கினான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. போட்டியை நடத்தியவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியை வரவழைத்துவிட்டு, அடிபட்டவனின் அப்பாவுக்குத் தந்தி கொடுக்க முகவரி கேட்டார்கள். மாதேசனின் முகவரி என்றால் அது என் அப்பாவின் முகவரி. நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அவனைத் தூக்கிப் பேருந்தின் கடைசி இருக்கையில் கிடத்தினோம்.

"தருமபுரி பெரியாஸ்பத்திரில எம் பேரச் சொல்லிச் சேத்துடுங்க" என்றான் சூசை.

"மாதேசனுக்கு அடின்னு பேப்பர்ல வந்துடும். அதே அடியோட நீ அங்க படுத்திருந்தா எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிடும். சீட்டு முடியற வரைக்கும் பொறுத்துக்க. கட்டுப் போடறவருகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"வலிக்கறது உங்க பேருக்கு இல்லீங்க. எங்காலுக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புளிய மரத்திலிருந்து விழுந்துவிட்டதாக அவன் வீட்டில் சொன்னான். செய்தித்தாளில் வந்துவிட்டதால் நானும் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்ட வேண்டியிருந்தது. பேராசிரியர்கள் நலம் விசாரித்தார்கள். அம்மாவிடம் பஸ்ஸில் ஏறும்போது சறுக்கிவிட்டது என்றேன். அவள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அப்படி நொண்டிக்கொண்டே ஒரு நாள் காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். ஆடு விற்பவர்களுக்கு நடுவில், கையில் கோலோடு சூசை உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, இப்புடிக் கொஞ்சம் வாங்க. அடி பட்டது எந்தக் காலு?"

"முழங்கால்தான்."

"அது தெரியுதுங்க. எந்தக் காலு? எனக்கு எடது காலு. நீங்க வலது கால்ல சுத்திகிட்டு வந்திருக்கறீங்க."

குனிந்து பார்த்தேன். அவன் விழுந்தபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எந்தக் கால் என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

"நொண்டறதும் அப்புடி இல்லீங்க. கால ஊனுன பொறவு மூஞ்சியச் சுளிக்கறீங்க. அடி பட்டவன் ஊனறதுக்கு முன்னாலயே சுளிப்பான். இங்க பாருங்க." கோலைப் பிடித்து எழுந்து, கருவாட்டுக் கடைவரை நடந்துபோய்த் திரும்பி வந்து காட்டினான். "எங்க, நடங்க பாக்கலாம்." நடந்தேன். "ம், இப்பச் சினிமாக்காரன் கெட்டான் போங்க" என்று சிரித்தான். அவன் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

சென்னையில் நடந்த தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்காரர்கள் களத்தில் இறங்கி ஆடிக் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. நான் இடது முழங்காலைக் காட்டினேன். சூசை சொல்லிக்கொடுத்தபடியே நடந்தேன். எனக்கு விலக்குக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "கவலைப்படாதே, மறுபடியும் ஆடுவாய்" என்று தோளைத் தட்டினார். அவன் முழங்கால் போகாமல் இருந்திருந்தால், பந்தைத் தொட்ட நிமிடத்திலேயே நான் பிடிபட்டிருப்பேன். அவன் ஆட்டம் எனக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தது. இடத்தை வாங்கித் தந்தது அவன் காயம்தான். இடம் உறுதியான பிறகு அவனைச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அவனைக் கேட்கவில்லை. சட்டை கசங்காமல் நின்றிருந்த என்னைத்தான் கேட்டார். சூசை வாழ்நாள் முழுவதும் கோணலாக நடந்தான். நான் படித்து முடித்து, விமானம் ஏறினேன். இங்கே என் வீடு, என் மகளின் படிப்பு, இப்போது வரும் ஓய்வூதியம் எல்லாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்.

போன முறை ஊருக்குப் போனபோது, கிளம்பும் நாளில் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போனேன். சூசை ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் மகன் தள்ளி ஏலத்தில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் அவன் பெயரைப் போட்டு எழுதப்போகிறேன் என்றேன்.

"வேணாங்க" என்றான் உடனே. "எம் பையனுக்கு நான் புளிய மரத்துல இருந்து வுழுந்தவன். அப்புடியே இருந்துட்டுப் போறேன். கள்ளப் பேருல ஆடுனவன்னு இந்த வயசுல எதுக்குங்க?"

ஆகவே சூசை என்பது அவன் பெயர் அல்ல. மாற்ற வேண்டிய மற்றவற்றையும் மாற்றியிருக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் அவனை வேறொரு பெயரில்தான் என்னால் ஆடவைக்க முடிந்திருக்கிறது.

அதன் பிறகுதான் பெங்களூர்க்காரர் வந்ததைச் சொன்னேன். என் வாயால் அவரைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். சூசை கையிலிருந்த தக்காளியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். எழுந்து போய்விடுவான் என்றும் நினைத்தேன்.

"எந்த ஆட்டத்தப் பாத்தாருங்க அவரு?" என்றான்.

"சேலத்துல ஆடுனோமே, ரெண்டாவது வருசம்."

"அதுல எதப் பாத்துட்டு வந்தாரு? சொன்னாரா?"

"சொன்னார். கையாலயே போட்டுக் காட்டினார்."

"சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். மகளிடமும் நண்பர்களிடமும் டார்னெலிடமும் இதே ஆட்டத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நாக்கு பழகிய தடத்திலேயே போய்விட்டது. "நான் நடுக்கோட்டுல பந்த வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் அப்படியே நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அப்புடியே சொல்லுங்க. வேற யாரு சொல்லப் போறாங்க?"

வெளியே பெங்களூரு விமான நிலையத்துக்குப் போக வேண்டிய கார் நின்றிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"நான் பந்தத் தட்டிகிட்டு வந்தேன். ரெண்டு பேரு குறுக்க வந்தாங்க."

"மூணு பேருங்க."

"மூணு பேரு வந்தாங்க. நான் ஒருத்தனத் தாண்டினேன். ரெண்டாவது ஆளு கையப் போட்டான். நான் முதுகுக்குப் பின்னால பந்த மாத்திகிட்டு வளையத்துக்குக் கீழ வந்துட்டேன்."

மறுபடியும் ஹாரன் அடித்தது. சூசை மடங்காத காலைப் பெட்டிகளுக்கு நடுவில் நீட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றான்.

"நான் குதிச்சேன்" என்றேன்.