ரதச் சக்கரத்தைத் திறந்து பார்க்கச் சொன்ன அண்ணன்

அண்ணன் டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு கிள்ளானில் ஒரு லோரி பட்டறையில் சேர்ந்தார். பிறகு சொந்தமாக பேரிங் கடை வைத்தார். கணவரை இழந்து வந்த எனக்கு அந்தக் கடையிலேயே வேலை கொடுத்தார். நல்லவர். கோபக்காரர். இரண்டும் உண்மை. இனி, அவர்மேல் விழுந்த பழியைப் பற்றி எழுதுகிறேன்.

நம் கோவில் ரதத்தில் முன்பெல்லாம் அச்சும் சக்கரமும் நேராக உரசும். இழுக்கிறவர்களுக்கு முதுகு ஒடியும். அண்ணன்தான் பேரிங் போட்டார். உள்வளையம் அச்சைக் கவ்வும். வெளிவளையம் சக்கரத்தோடு சுற்றும். நடுவே பள்ளத்தில் எஃகுக் குண்டுகள் உருளும். உரசுவது போய் உருளுவதால்தான் பாரம் லேசாகிறது. குண்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரு கூண்டு தள்ளித்தள்ளி வைத்திருக்கும். கிரீஸ் தேய்மானத்தைக் குறைக்கும். ஓரத்து ரப்பர் மூடி மழைச் சாரலைத் தடுக்கும். குடம் குடமாக ஊற்றினால் தடுக்காது.

நாம் ஊற்றினோம். ரதம் நின்ற வாசலில் எல்லாம் சக்கரத்தின் நடுவில் மஞ்சள் தண்ணீர். அண்ணன் கத்துவார்.

"ரோட்டுல ஊத்துங்கம்மா! அதுக்கு கிரீஸ்தான் வேணும், தீர்த்தம் வேணாம்!"

"சாமி சக்கரம் லா அண்ணே, ஒண்ணும் ஆவாது!"

போன வருடம் ஊர்வலத்தின் பாதியில் சக்கரம் இறுகி நின்றது. கோவில் தலைவர் மைக்கிலேயே சொன்னார்: "லோரி சாமான சாமிக்குப் போட்டா வேற எப்படி ஓடும்?" சிலர் சிரித்தார்கள்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "தொறந்து பாருங்க தலைவரே. அப்புறம் பேசுங்க."

யாரும் திறக்கவில்லை. சில வாரங்களில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கேயும் அதே கேள்வி.

"தொறந்தாங்களா?"

"பேசாம படுங்கண்ணே."

"நீ போய் கேளு லா."

பதில் தெரியாமலே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் கோவிலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். திறந்தார்கள். கிரீஸ் இல்லை. மஞ்சளும் துருவும் கலந்த சேறு. கூண்டு உடைந்து, குண்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சிக்கியிருந்தன. தலைவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி பூந்துருக்கு போல" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், சக்கரத்தைக் கழற்றிய பட்டறைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த மாதம் ரதம் வருகிறது. அண்ணன் கடையிலிருந்து புது பேரிங் கொடுத்துவிட்டேன். குடத்தோடு நிற்பவர்கள் தரையில் ஊற்றுங்கள்.

தலைவரே, பழியை மைக்கில் சொன்னீர்கள். அது தவறு என்பதையும் மைக்கிலேயே சொல்லுங்கள். நான் ரதத்தின் பக்கத்தில்தான் நிற்பேன்.