கிராசிங்கில் இரண்டு தட்டு

எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் நின்று பேசவே எனக்கு நா எழாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளில், சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். வழியில் ரயில் பாதை குறுக்கிடும். கேட்டும் கிடையாது, கேட் போட ஆளும் கிடையாது. பஸ் நிற்க வேண்டும். நான் இறங்கித் தண்டவாளத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து விசில் ஊதிய பிறகுதான் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். கிராசிங்கில் எது நடந்தாலும் முதலில் போவது உன் லைசென்ஸ்தான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். லைசென்ஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். அடிக்கடி தொட்டும் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் அப்படி இறங்கி நடப்பது பெரிய கூச்சம். பஸ் முழுக்க என் முதுகைத்தான் பார்க்கும்.

அன்றைக்குப் பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பாதி பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். முன் ஜன்னலோரம் மாப்பிள்ளையின் தாய்மாமா. சலவை வேட்டி, அத்தர் வாசனை, மடியில் பூந்திக் கூடை. டயர் பஞ்சராகி ஏற்கெனவே அரை மணி நேரம் லேட். கிராசிங்கில் நான் இறங்கியதும் அவர் தலையை நீட்டினார்.

“இன்னா கண்டக்டரே, பொண்ணு பாக்கவா எறங்குறீங்க? அதான் நாங்க பாத்து முடிச்சிட்டமே!”

பஸ்ஸே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு தண்டவாளத்துக்கு நடந்தேன். தெற்கே பாதை வளையும் இடத்தில் தாழம்புதர். அதன் மேலே ஒரு கறுப்புக் குடை மட்டும் வேகமாக வந்துகொண்டிருந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் பின்னால் டப், டப் என்று இரண்டு தட்டு. பஸ் தகரத்தில் இரண்டு தட்டினால் போகலாம் என்று அர்த்தம். டிரைவர் பழக்கத்தில் வண்டியை எடுத்துவிட்டார்.

விசில் வாயிலிருந்து நழுவியது. இரண்டு கையையும் விரித்து நின்று கத்தினேன்: “நிறுத்துங்கண்ணே!” என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பஸ் ஒரு கஜம் தள்ளி நின்றது. புதரைத் தாண்டி ரயில்வே டிராலி வந்து பிரேக் போட்டது. தள்ளி வந்தவர்கள் நாலு பேர், மேலே குடை பிடித்தபடி, பாதையைச் சோதிக்க வந்த ஓர் இன்ஸ்பெக்டர்.

அவர் இறங்கி நோட்டைத் திறந்தார். “யாருய்யா ரைட் குடுத்தது?”

கீழே கிடந்த விசிலைக் குனிந்து எடுத்தேன்.

“கேட் இல்லாத எடத்துல பாத்துப் போறது உங்க பொறுப்பு. என் ஆளுங்க நாலு பேரு செத்திருப்பாங்க. கேஸ் எழுதுனா ஒன் பேர்லதான்.”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தாய்மாமா கூடையோடு இறங்கி வந்தார்.

“தட்டுனது நான்தாங்க. அவுரு பாவம், ஒழுங்காத்தான் பாத்துகினு நின்னாரு. எம் பேர எழுதிக்குங்க.”

“ஒங்ககிட்ட கண்டக்டர் லைசென்ஸ் இருக்கா?”

“இல்லீங்களே. பூந்திதான் இருக்கு.”

முதலில் சிரித்தது டிராலி தள்ளியவர்கள்தான். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை மூடினார். ஆனால் சும்மா விடவில்லை. டிராலி போன பிறகு தாய்மாமாதான் தண்டவாளத்தில் நின்று பார்த்து பஸ்ஸை அழைக்க வேண்டும் என்றார். ஆளுக்கு ஒரு கை பூந்தி வாங்கிக்கொண்டு அவர்கள் வடக்கே போனார்கள்.

தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார், மறுபடி தெற்கே பார்த்தார்.

“மாமா, நிக்காஹ் இன்னிக்குத்தான்!” என்று மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து கத்தினார்.

“இருடா! ரயிலு வந்தா எவன் பதில் சொல்றது?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “ஊதுங்க தம்பி.”

ஊதினேன்.

மறுநாள் முதல் டிரிப்பில் ஆறு பேர் இருந்தார்கள். கிராசிங்கில் தலை குனியாமல் இறங்கிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. விசில் ஊதினேன், பஸ் கடந்தது.