கண்டக்டரின் கம்பில் தொங்கிய ஹோஸ்

எங்கள் பொதுத் தோட்டத்து ஹோஸைப் போல நீளமான ஹோஸ் இந்த உலகத்தில் இன்னொன்று கிடையாது. குழாயைத் திறந்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து போனால்தான் மறுமுனையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். தூக்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நீளம் எப்படியோ போகட்டும், அதில் இருந்த ஒட்டுகளைப் பற்றி நான் சொல்லப்போவதில் கலப்படம் கிடையாது. கண்டக்டரின் பாத்தியைக் காப்பாற்றியது அந்த ஒட்டுகள்தான்.

கண்டக்டர் என்றால் நிஜமாகவே பஸ் கண்டக்டர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை, ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவள். வீட்டிலும் அவளுக்கு உட்காரத் தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் காபி குடிப்பாள். அடுக்குமாடியில் என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவளுடையது. லிஃப்டில் யாராவது வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், "உள்ள போங்க, உள்ள எடமிருக்கு" என்பாள். உள்ளே இடம் இருக்காது. ஆனாலும் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தனக்கென்று நகராத இடம் ஒன்று வேண்டும். பொதுத் தோட்டத்தில் பாத்தி கேட்டு எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்துக் கிடந்து, கடைசியில் சுவரோரமாக ஒன்று கிடைத்தது. வெயில் நேரே வந்து விழுகிற இடம். தக்காளியும் பீன்ஸும் வைத்தாள். ஆனால் முதல் கோடைக்கு அது இரவல் மாதிரிதான். தோட்டச் சங்கச் செயலாளர் ஒருநாள் வந்து பார்ப்பார். காய்ந்து கிடந்தால் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். செயலாளர் பல் டாக்டர். பிடுங்குவதற்குத் தயங்குகிற ஆள் இல்லை.

எங்கள் தோட்டத்தில் மண்வெட்டி, தள்ளுவண்டி, ஹோஸ் எல்லாமே பொது. ஒருவர் வேலை முடித்ததும் அடுத்த பாத்தியின் மூலைக்கம்பில் சாத்தியோ மாட்டியோ விட்டுப் போக வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அது அந்தப் பாத்திக்காரரின் முறை. அவர் முடித்து அடுத்த கம்புக்கு அனுப்பும்வரை வேறு யாரும் தொடக்கூடாது, வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. முன்னொரு கோடையில் குழாயடியில் நடந்த சண்டையில் ஒரு பூவாளியின் மூக்கும் அங்கே பாத்தி போட்டிருந்த எலக்ட்ரீசியனின் மூக்கும் ஒரே நாளில் உடைந்ததால் வந்த ஏற்பாடு இது. பூவாளியினுடையது உடைந்தது, அவனுடையது வீங்கியது.

புதிதாக வந்த கண்டக்டரிடம் இதை யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. செயலாளர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் இருந்துவிட்டார். நான் சொல்லாமல் விட்ட விஷயம் என்று ஒன்று இருக்க முடியும் என அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

அவளுக்கு முந்தைய பாத்தி எலக்ட்ரீசியனுடையது. அவன் தண்ணீர் பாய்ச்சி முடித்து, ஹோஸைச் சுருட்டி, முறைப்படி அவள் கம்பில் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அவள் வந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது யாரோ மறந்துவிட்டுப் போன சாமான். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையை மழைக்குக்கூடப் பிடித்துக்கொள்ளாதவள் அவள். விட்டவர் தேடி வருவார் என்று ஹோஸை விரலால்கூடத் தொடாமல், ஒரு சின்ன வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்கும் சுவருக்குமாக நடந்தாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஹோஸ் அவள் கம்பில் தொங்குகிறது. அவள் பாய்ச்சுவதும் இல்லை, அடுத்த கம்புக்கு அனுப்புவதும் இல்லை. அடுத்த கம்பு என்னுடையது. கேட்கக் கூடாதே. ஆளுக்கொரு பூவாளியைத் தூக்கினோம். தூக்கித் தூக்கி என் கைகள் முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டன. "ஹோஸப் பிடிச்சா மகாராணிக்குக் கை கறுத்துடும் போல" என்று எலக்ட்ரீசியன் என் காதோரம் முணுமுணுத்தான். அந்தப் பக்கம் அவளுக்கு எங்களைப் பற்றி வேறு எண்ணம். ஊர்ப்பட்ட தண்ணீரைக் கையில் சுமக்கிறார்கள், தொலைத்த ஹோஸைத் தேட ஒருவருக்கும் துப்பில்லையே என்று பரிதாபப்பட்டாளாம்.

சுவரோரத்து வெயிலுக்கு ஒரு வாளித் தண்ணீர் எம்மாத்திரம்? தக்காளி இலைகள் சுருண்டன. செயலாளர் ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்க வருவதாகத் தோட்டத்துக் கொட்டகைக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்டில் அவளைப் பார்த்தேன்.

"அக்கா, அந்தப் பாத்தி போச்சுன்னா நான் மறுபடியும் பஸ் ஸ்டாண்டுலதான் போய் நிக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாசலை அடைத்து நின்றவர்களை உள்ளே போகச் சொல்லவில்லை.

அதைப் பார்த்த பிறகு முறையாவது மண்ணாவது என்று கேட்டே விட்டேன். "ஹோஸ எடுத்துப் பாய்ச்ச வேண்டியதுதானேம்மா?"

"எந்த ஹோஸ்?"

"ஒன் கம்புல தொங்குதே, அது."

"அதுவா? யாரும் தேடி வரலையேன்னு இன்னைக்குக் காலையில டிப்போவுல ஒப்படைச்சுட்டேன்."

தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, தொலைந்த பொருள்கள் வைக்கிற அறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வேலையில் இருந்த காலமெல்லாம் செய்தது அதைத்தானே. இறங்க மறந்து, லிஃப்டிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டு, எங்கள் தோட்டத்து வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன்.

"அப்ப இத்தன நாளும் அது என் முறையா?"

"ஆமா."

"ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"கேக்கறது மரியாதை இல்லன்னு..."

"நல்லா இருக்குக்கா உங்க மரியாதை. செடி சாகற வரைக்கும் மரியாதையா நிப்பீங்களா?"

எனக்கே பதில் இல்லாமல் போனதை எங்கள் கட்டடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

சனிக்கிழமை காலை அவளும் நானும் எலக்ட்ரீசியனும் டிப்போவுக்குப் போனோம். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க் அவளிடம் வேலை பழகியவன். அதுதான் வினையாகிவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவரே அது எங்களுடையது என்று மறுநாள் வந்து நின்றால் எப்படித் தருவது என்றான்.

"இப்படி வந்து நின்னா நம்பக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க? திங்கட்கிழம ஆபீசர் வருவாரு. அவருகிட்ட கேளுங்க."

திங்கட்கிழமைக்குள் பாத்தி பல் டாக்டர் கையில் போய்விடும். அவள் சொல்லிக்கொடுத்த பாடமாயிற்றே, எப்படி மறுத்துப் பேசுவாள்? கடைசியில், "சரி, அடையாளம் சொன்னா குடுப்பியா?" என்று கேட்டாள். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கிளார்க் தலையாட்டினான்.

குழாயில் மாட்டுகிற முனைக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும், அது தன் கைவேலை என்றான் எலக்ட்ரீசியன். கிளார்க் ஹோஸை மடியில் போட்டு உருவிப் பார்த்தான். இருந்தது. கொஞ்சம் தள்ளி வெள்ளையாக ஒரு அடைப்பு இருக்கும், பல்லுக்கு வைக்கிற சிமெண்டை எங்கள் செயலாளர் அதற்கும் வைத்தார் என்றேன். இருந்தது. அப்புறம் என் ஒட்டு. பழைய குடையிலிருந்து வெட்டிய பூப்போட்ட துணி, மேலே நூல் கட்டு. அதுவும் இருந்தது. ஒவ்வொன்றாக நாங்கள் சொல்லச் சொல்ல, வரிசையில் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இதுல ஹோஸ் எங்க இருக்கு? எல்லாம் ஒட்டாத்தான் இருக்கு" என்றபடி கிளார்க் அதை ஜன்னல் வழியாகத் தள்ளினான். எங்களுக்குப் போன மூச்சு வந்தது.

தோட்டத்துக்கு வந்ததும் எலக்ட்ரீசியன் குழாயில் மாட்டித் திறந்தான். மகாராணி என்று சொன்னவனே வழியில் விழுந்த முறுக்குகளையெல்லாம் பிரித்துவிட்டான். கண்டக்டர் முனையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள். ஹோஸ் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. காய்ந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. அவள் முனையை மண்ணில் வைத்துவிட்டு, பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாய்ச்சி முடித்ததும் ஹோஸைச் சுருட்டி என் கம்பில் கொண்டுவந்து மாட்டினாள். "உங்க ஸ்டாப்பிங் வந்தாச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். ஈறைத் தொட்டுப் பார்ப்பது போல மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. பாத்தி கண்டக்டருக்கே என்று சொல்லிவிட்டு, வேறு யாருடையதையாவது பிடுங்க முடியுமா என்று பார்க்கப் போனார். வாடிக் கிடந்த செடிகள் ஒன்று பாக்கியில்லாமல் அந்த ஒரு ராத்திரியில் நிமிர்ந்து நின்றுவிட்டன.

இவ்வளவையும் எழுதி முடித்து, பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும் கண்டக்டருக்குப் படித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தக்காளிச் செடி போயிடுச்சேக்கா. மத்ததுதான் பிழைச்சுது. அப்பறம், உலகத்துலயே நீளமான ஹோஸுன்னு எழுதியிருக்கீங்க. என் கடைசி வரிசைக்கு அது எட்டவே இல்ல. வாளியிலதான் ஊத்தினேன்."