முட்டை வரிசையில் நான்

நான் படித்த ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு வரிசை. ஒன்று முட்டை வரிசை, இன்னொன்று முட்டை சாப்பிடாதவர்களுக்கான வாழைப்பழ வரிசை. முட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அப்பா போட்ட சட்டம். ஆகவே நான் பழ வரிசை. பழத்தின்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் சத்துணவு ஆயா அவித்த முட்டையில் மிளகுத்தூள் தூவிக் கொடுக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தேன். பள்ளிக்கு வந்த டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் போதவில்லை என்று சீட்டு எழுதினார். சீட்டைப் பார்த்த அம்மா மறுநாள் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையிடம் தணிந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் சாப்பிட அடம்பிடிப்பதைப் போட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த வாரம் முட்டை வரிசையில் போய் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயா தட்டில் முட்டையை வைத்து, "மெதுவா மென்னு சாப்பிடு பாப்பா" என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குப் பிடிபடவில்லை.

அன்றுமுதல் ஒரு முட்டையையும் விடவில்லை. வாடை போகக் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். "என்னடி, ஆடு மாதிரி எலையத் தின்னுட்டு வர்ற? அப்பா வர்றதுக்குள்ள வாயக் கொப்பளி" என்று அம்மா சிடுசிடுப்பாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த வருடம் ஓட்டப்பந்தயத்தில்கூட ஓடினேன்.

இப்போது லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் டீச்சர். முட்டைப் பட்டியல் எழுதுவது என் வேலை. பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே முட்டை வரும், கூடுதலாக ஒன்றுகூட வராது. பழத்திலிருந்து முட்டைக்குப் பெயரை மாற்ற வேண்டுமென்றால் வீட்டிலிருந்து யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். போன மாதம் அப்படி ஒரு மாணவியின் தாய் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவ அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம் டீச்சர்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஒன்றும் தெரியாதவள் என்று நான் நினைத்திருந்த அம்மா, ஒரு வருடம் முழுக்க எனக்காக அப்பாவிடம் மறைத்திருக்கிறாள்.